காற்று தள்ளுவதில்லை

விலை பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிட வேண்டும். காற்று காற்றாடியைத் தள்ளுவதில்லை.

சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. இந்தத் தவறான நம்பிக்கை மனித குலத்துக்குச் செய்த கேட்டை இதுவரை யாரும் சரியாக மதிப்பிடவில்லை. பெரியம்மையை ஒழித்தாயிற்று, இதை ஒழிக்க முடியவில்லை. காற்று தள்ளினால் இறக்கை காற்றோடு காற்றாகத்தான் போகும். தள்ளுவண்டி எங்காவது தள்ளுகிறவனை முந்துமா? ஆனால் இதோ, நீங்கள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற இறக்கையின் நுனி, அடிக்கிற காற்றைப் போல ஐந்தாறு மடங்கு வேகத்தில் போகும். காரணம், காற்று அதைத் தள்ளவில்லை. பறவையின் சிறகை மேலே தூக்குவதுபோல் இதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் வளைவு. தடவிப் பாருங்கள். மெதுவாக. ஓரம் கூர்மை.

ஆமாம், அந்த ஓர் இறக்கை மட்டும் நிறம் வேறு. மற்ற இரண்டும் பழசு, மலைவேம்பு மரம், நானே செதுக்கியது. இது பின்னால் செய்து மாட்டியது. பொருளை விற்கிறவன் அதன் வரலாற்றை மறைக்கக் கூடாது. உப்பளத்துக் கொட்டகைக்கு வாங்குகிறீர்கள், அங்கே ஆட்கள் படுத்திருப்பார்கள். ஆகவே உட்காருங்கள். டீ ஆறுகிறது.

பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடத்துக்குக் காற்று கணவாய் வழியாக வருகிறது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் ஊரில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை, கத்துவார்கள். வரும்போது பார்த்திருப்பீர்கள், பெரிய பெரிய காற்றாலைகள், அடிவானம் வரைக்கும். அவ்வளவு கரண்டும் கம்பியில் ஏறி எங்கேயோ போகிறது. அதன் அடியில் குடியிருக்கிற எங்கள் தெருவில் சாயங்காலமானால் கரண்ட் கட். முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக் கொடுத்தவனுக்கு இது பெரிய அவமானம் இல்லையா? ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இதைச் செய்தேன். காந்தம் வாங்கினேன். ஜீப்பின் சக்கர ஹப் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. செப்புக் கம்பிச் சுருள் முழுவதும் கையால் சுற்றினேன், ஒவ்வொரு சுற்றாக, ஒரு மழைக்காலம் முழுக்க. அந்தச் சுருளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு இருக்கிற ஒரே ரத்த சொந்தம் தங்கை உலகம்மாள். என் மனைவி போன பிறகு மத்தியானச் சாப்பாடு அவள்தான் கொண்டுவருவாள். பக்கத்து வளவுதான், நடுவில் ஒரு வேலி. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லுவாள். அவள் புருஷன் ஆவுடையப்பன், எனக்கு மாப்பிள்ளை முறை. நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அந்தப் பண்ணை இருக்கிற நிலம் எங்கள் அப்பா உலகம்மாளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. இதை நான் அடிக்கடி அவருக்கு நினைவுபடுத்துவேன். ஒருவர் நின்றுகொண்டிருக்கிற தரை யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்பத்தை எங்கே நடுவது? இது முக்கியமான கேள்வி. மரத்துக்கும் கட்டடத்துக்கும் பின்னால் நட்டால் காற்று கலங்கி வரும். கலங்கின காற்று, கள் குடித்த மாடு மாதிரி, எந்தப் பக்கம் முட்டும் என்று தெரியாது. சுத்தமான காற்று கிடைத்தது ஒரே இடத்தில், வேலியோரத்தில், கோழிக் கொட்டகைக்கு மேற்கே, அதை ஒட்டினாற்போல. கம்பத்தை நாலு பக்கமும் இரும்புக் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். அதில் காற்று வருகிற பக்கத்துக் கயிற்றின் முளை மாப்பிள்ளையின் வளவுக்குள் விழுந்தது. உலகம்மாளிடம் கேட்டேன். "அடிச்சுக்கோ அண்ணே" என்றாள். அடித்தேன்.

மாப்பிள்ளை சந்தையிலிருந்து வந்து அதைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு வே எங்க வளவுல முளை அடிச்சீரு?"

"நிலத்துக்காரியைக் கேட்டேன், மாப்பிள்ளை" என்றேன்.

அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "காத்து தள்ளுது, சுத்துது. இதுல என்ன வே பெரிய சூத்திரம்? பனங்காத்தாடில சின்னப் பயலுவ பண்ணுத வேலைதான?"

தீவனம் இறக்க வந்த ஆட்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முன்னாலேயே அவரைத் திருத்தினேன். நின்று நிதானமாக, வேலிக்கம்பால் மண்ணில் படம் போட்டு, தள்ளுவது வேறு, இழுப்பது வேறு என்று விளக்கினேன். ஆட்கள் சிரித்தார்கள். அவருக்குப் புரியவில்லை என்பது அவர் மண்ணைக் காலால் அழித்த விதத்தில் தெரிந்தது.

ஆனி பிறந்ததும் காற்று இறங்கியது. என் வீட்டில் விளக்கு, விசிறி, டிவி எல்லாம் ஓடின. தெருவே இருட்டில் கிடக்கும்போது நான் வாசல் விளக்கையும் போட்டு வைப்பேன். செயல்விளக்கம் என்பது கல்வியில் முக்கியமான பகுதி. பத்து நாள் ஓடியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், பொத்தென்று என் மடியில் ஒரு செத்த கோழி விழுந்தது. நிமிர்ந்தால் இன்னொன்று, முகத்தில். மாப்பிள்ளை சாக்கு நிறையச் செத்த கோழி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துச் சுழற்றி எறிகிறார். கதவில் ஒன்று. அப்பா படத்தில் ஒன்று.

"பாரும் வே! வெயிலு சாயும்போது ஒம்ம காத்தாடி நெழலு கொட்டகைக்குள்ள வந்து வந்து போவுது. பிராந்து பறக்குன்னு நெனச்சு அம்புட்டுக் கோழியும் ஒரு மூலையில போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்துக் கெடக்கு!"

நான் பேப்பரை மடித்து வைத்தேன். "மாப்பிள்ளை, பருந்துக்கு இறக்கை இரண்டு. இதற்கு மூன்று. கோழிக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்" என்றேன்.

இதில் தவறாக என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? அவர் என் மூக்கில் குத்தினார். இந்த மேடு அப்போது வந்ததுதான். கீழே விழுந்தேன். விலாவில் மிதித்தார். கைக்கு ரசமட்டம் அகப்பட்டது. கொத்தனார் சுவர் மட்டம் பார்ப்பாரே, அதேதான், இரும்பில் செய்தது. அதால் அவர் காதோரம் ஒரு போடு போட்டேன். காது மடல் கிழிந்து தொங்கியது. இரண்டு பேரும் கோழிச் சிறகும் ரத்தமுமாக வாசலில் உருண்டோம். ரசமட்டத்தின் குமிழி இன்றைக்கும் சரியாக நடுவில் நிற்கிறது. தரமான பொருள்.

உலகம்மாள் ஓடிவந்து நடுவில் விழுந்தாள். இரண்டு பக்கமும் அடி வாங்கினாள். அன்றைக்கு மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, கேட்டுக்கோ. ஒண்ணு அந்தக் காத்தாடி எறங்கணும். இல்ல, நீ இனிமே அந்த வீட்டுப் படி ஏறப்படாது. ஏறுனேன்னா அங்கனயே இருந்துக்கோ."

மறுநாளும் அவள் சாப்பாடு கொண்டுவந்தாள். அவர் தீவனம் எடுக்கப் போன சமயம் பார்த்து வந்தாள். எதிரில் உட்காரவில்லை, கதவோரமாக நின்றாள்.

"அண்ணே, அத அந்தப் பக்கமாட்டு மாத்தி நட்டா என்ன?"

நான் பொறுமையாக விளக்கினேன். அந்தப் பக்கம் புளியமரம் இருக்கிறது. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். பாதியில் பாதி, அதிலும் பாதி. இது இயற்கையின் விதி, நான் போட்டதில்லை.

"எட்டுல ஒண்ணு வந்தாப் போதும்ணே. எனக்கு ரெண்டு வீடும் வேணும்" என்றாள்.

அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பாதியின் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். வந்ததிலிருந்து நீங்கள் என்னிடம் கேட்டதெல்லாம் என்ன? விலை என்ன, எடை என்ன, எத்தனை பல்பு எரியும். நிறுத்துவது எப்படி என்று கேட்கவில்லை. குற்றம் சொல்லவில்லை. யாரும் கேட்பதில்லை.

மேலேயிருந்து மூன்று கம்பி இறங்கி வருகிறது. அந்த மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் சுருளே காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும், காற்றாடி நின்றுவிடும். அதுதான் பிரேக். அதற்கு ஒரு சுவிட்ச், கம்பத்தின் அடியில் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பக்கத்தில் பேட்டரிக்குப் போகிற ஃபியூஸ். கோழிச் சண்டைக்கு அப்புறம் மாப்பிள்ளை ஒருநாள் பெட்டியைத் திறந்து அந்த சுவிட்சைப் போட்டுவிட்டார். காற்றாடி நின்றது. பேட்டரி இறங்கி, டிவியில் செய்தி பாதியில் போயிற்று. மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும். வெயில் சாய்கிற நேரத்துக்குப் போடுவார், இருட்டினதும் எடுத்துவிடுவார். என் பொருளை என்னைக் கேட்காமல் தொடுவதா? ஒருநாள் காலையில் பிரேக்குக்கு மட்டும் தனியாகக் கம்பி இழுத்து, சுவிட்சை என் வீட்டுக்குள் ஜன்னலோரமாக வைத்துக்கொண்டேன். பெட்டியில் ஃபியூஸ் மட்டும் மிச்சம்.

சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"நிப்பாட்டுத சுவிட்சு எங்க வே?"

"பத்திரமாக இருக்கிறது, மாப்பிள்ளை" என்றேன்.

கவனியுங்கள், சுவிட்ச் எங்கே என்று கேட்டார், சொன்னேன். ஃபியூஸைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அது வேறு கேள்வி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் ஒரு பழக்கம். மோட்டாரோடு பிறந்து மோட்டாரோடு வளர்ந்தவர்கள். கிணற்று மோட்டார் நிற்கவில்லையா, ஃபியூஸைப் பிடுங்கு; நின்றுவிடும். மாவு மில்லில் பெல்ட்டில் வேட்டி மாட்டிக்கொண்டதா, ஃபியூஸைப் பிடுங்கு. கை தானாக அங்கேதான் போகும். ஆனால் மோட்டார் கரண்டைத் தின்று ஓடுகிறது. இது காற்றைத் தின்று ஓடுகிறது. பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கிற பாரம் இருக்கிற வரைக்கும்தான் இது அடக்கமாகச் சுற்றும். ஃபியூஸைப் பிடுங்கினால் பாரம் போய்விடும். மேட்டிலிருந்து இறங்குகிற வண்டியில் மாட்டை அவிழ்த்துவிடுகிற மாதிரி.

ஆடியில் ஒருநாள், வெயில் சாய்கிற நேரம். அன்றைக்கு அடித்த காற்றில் பஸ் ஸ்டாப் கூரை பிய்ந்து போயிற்று. பெருங்காற்றில் காற்றாடியின் வால் மடங்கி, முகத்தைக் காற்றிலிருந்து திருப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாலுக்கு நான் கொஞ்சம் எடை கூட்டியிருந்தேன். இல்லாவிட்டால் ஆடிக் காற்று வீணாகப் போய்விடும். கொட்டகைக்குள் கோழிகள் மறுபடி கத்த ஆரம்பித்தன. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மாப்பிள்ளை அரிவாளோடு வருகிறார். நேராக அவர் வளவில் இருக்கிற முளைக்குப் போய்க் கயிற்றை ஓங்கி ஒரு வெட்டு. இரும்புக் கயிறு, தீப்பொறி பறந்தது. உலகம்மாள் வந்து அவர் கையைப் பிடித்தாள். உதறினார். விழுந்தாள். எழுந்து காலைக் கட்டிக்கொண்டாள். மயிரைப் பிடித்து இழுத்தார், அவள் விடவில்லை.

"வெட்டாதீங்க! வெட்டுனா நம்ம கொட்டகை மேலதான் சாயும்! நம்ம தலையிலதான் விழும்!"

சரியாகச் சொன்னாள். கயிற்றுக் கம்பம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் அது எட்டியது. அரிவாளை வீசி எறிந்தார். பெட்டியை உதைத்துத் திறந்தார். ஃபியூஸைப் பிடுங்கி என் ஜன்னலைப் பார்த்து எறிந்தார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அது பாட ஆரம்பித்தது. முதலில் வண்டு மாதிரி. அப்புறம் ரம்பம் மாதிரி. அப்புறம் நான் எந்த வகுப்பிலும் கேட்டிராத ஒரு சத்தம். மூன்று இறக்கையும் மறைந்து ஒரு வெள்ளைத் தட்டுதான் தெரிந்தது. கம்பம் நடுங்கியது, என் சுவர் நடுங்கியது, அலமாரியில் டம்ளர்கள் தாமாக நடந்து போய்க் கீழே விழுந்தன. மாப்பிள்ளை கல்லை எடுத்து மேலே எறிகிறார், கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே. கொட்டகையில் கோழிகள் மூலையில் ஏறிக் குவிகின்றன. அதைப் பிரித்துவிட உலகம்மாள் உள்ளே ஓடினாள்.

என் கை பிரேக் சுவிட்சின் மேல்தான் இருந்தது. நான் அசட்டையாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேகத்தில் பிரேக் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அத்தனை சக்தியும் சுருளுக்குள் பாயும். ஒரு மழைக்காலம் முழுக்கக் கையால் சுற்றிய சுருள் ஒரு நொடியில் எரிந்து கரியாகிவிடும். காற்று கொஞ்சம் தணியட்டும், தணிந்ததும் போடலாம் என்று இருந்தேன். எந்தப் பொறியாளனும் அப்படித்தான் செய்வான்.

காற்று தணியவில்லை. ஓர் இறக்கை அடியோடு முறிந்தது. எறிந்த அரிவாள் மாதிரி சுழன்று போய்க் கொட்டகைத் தகரத்தைக் கிழித்து உள்ளே இறங்கிற்று. உலகம்மாள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். முழங்கைக்குக் கீழே.

கோழிச் சத்தம் சட்டென்று நின்றது. மாப்பிள்ளையின் சத்தம் மட்டும் கேட்டது. மிச்சமிருந்த இரண்டு இறக்கையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கம்பத்தை உலுக்கின. கம்பம் சாயவில்லை. அரிவாள் வெட்டுப்பட்ட அந்த முளையும் பிடித்து நின்றது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. உலகம்மாளுக்கு அப்போதுதான் நினைவு திரும்பியிருந்தது. ஏட்டு கேட்டார், "எப்படிம்மா ஆச்சு?"

"காத்துய்யா" என்றாள். "ஆடிக் காத்துல முறிஞ்சு விழுந்துட்டு. யாரு மேலயும் குத்தமில்ல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். தவறான தகவல் அரசாங்கத்துக்குப் போகக் கூடாது. "காற்று காரணமில்லை, ஐயா. பாரம் நீங்கியதுதான் காரணம். ஆவுடையப்பன் ஃபியூஸைப் பிடுங்கினார்" என்று சொன்னேன். உலகம்மாள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் நேராக வார்டுக்குள் நுழைந்து, குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பியை உருவி, என் தலையில் அடித்தார். இரண்டாவது அடியில் கம்பி வளைந்தது. மூன்றாவதை நர்சுகள் பிடித்துக்கொண்டார்கள். ஏழு தையல். இதோ, முடியை விலக்கினால் தெரியும். அடிக்கு அடி அவர் கத்தியது ஒரே பாட்டுத்தான்: "ஒமக்குத் தெரியும் வே! ஒமக்குத் தெரியும்!"

தெரியும்தான். நான் எப்போது தெரியாது என்றேன்?

தையல் போட்டுவிட்டு வந்தபோது உலகம்மாள் விழித்திருந்தாள். பக்கத்தில் வேறு யாருமில்லை.

"அண்ணே, அதப் பிடுங்குனா வேகம் கூடும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். காந்தம் இங்கே, சுருள் இங்கே, பாரம் இங்கே.

கவனமாகப் பார்த்தாள். "நிப்பாட்டுத சுவிட்சு ஒங்கைலதான இருந்துச்சு?"

"இருந்தது. ஆனால் அந்த வேகத்தில் போட்டால்..."

"சுருளு எரிஞ்சு போயிரும்" என்றாள்.

அசந்துவிட்டேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னாள். எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருத்திக்கு முழுவதும் புரிந்தது. மேலே படித்திருக்க வேண்டியவள். நான் அதைச் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்துக் களைப்பு.

ஆகவே சுருள் புத்தம் புதிது மாதிரி இருக்கிறது. மூடியைக் கழற்றிக் காட்டுகிறேன், ஓரிடத்தில்கூடக் கருகல் கிடையாது. முளையை மாப்பிள்ளை ஆள் வைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டார். முளை இல்லாமல் கம்பம் நிற்காது, அதனால்தான் விற்கிறேன். மத்தியானச் சாப்பாடு இப்போது மெஸ்ஸிலிருந்து வருகிறது, சாம்பார் தண்ணீராக இருக்கும். உலகம்மாள் வீடு திரும்பி நாலைந்து மாதமாகிறது, இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு கையால் பாத்திரம் தூக்கப் பழக வேண்டுமல்லவா? பழகியதும் வருவாள். பிரேக் சுவிட்சையும் சேர்த்துத்தான் தருகிறேன். அதை எங்கே வைப்பது என்பது உங்கள் இஷ்டம்.

என்ன கேட்டீர்கள்? அவள் எப்படி இருக்கிறாள் என்றா?

நன்றாக இருக்கிறாள். அந்த வீட்டில் இப்போது சீலிங் ஃபேன் போடுவதில்லை. கரண்ட் இருந்தாலும் போடுவதில்லை. மத்தியானம் அவள் படுத்திருக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசுகிறார் என்று பால்காரி சொன்னாள்.